தெற்கு டெக்சாஸ் முட்காட்டுப் பண்ணையில் மான் வேட்டை: இதை எப்படிக் கானுயிர்ப் பாதுகாப்பு என்கிறார்கள்?

வைகைக்கரை (சான் அந்தோனியோ):

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் அலுவலக நண்பருக்கு லாசால் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), கொட்டுல்லா ஊருக்குத் தெற்கே, அவருடைய தாத்தா காலத்துப் பண்ணை ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் எங்களைக் குடும்பத்தோடு அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினார். முட்காட்டின் நடுவே நேராக வெட்டித் திறந்துவிட்ட பாதைகளை அங்கே 'செந்தேரோ' என்கிறார்கள். அவற்றின் வழியே போனபோது பிறந்த மண்ணுக்கே வந்துவிட்டது போல இருந்தது. மெஸ்கீட் மரம் எங்கள் இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. சப்பாத்திக்கள்ளியைச் சொல்லவே வேண்டாம்.

ஒரு நீர்த்தொட்டியருகே, உடலில் புள்ளி இன்னும் மறையாத இரண்டு குட்டிகளோடு ஒரு பெண்மான் நின்றதை என் மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டியை அவர் மான்களுக்காகவே வைத்திருக்கிறார். வறண்ட மாதங்களில் புரதத் தீவனமும் போடுகிறார். இப்போது அவரே தொலைபேசியில், "இந்தப் பருவத்தில் பன்னிரண்டு பெண்மான்களைச் சுட வேண்டும், வந்து உதவுங்கள்" என்கிறார். தண்ணீரும் தீவனமும் வைத்து வளர்த்தவரே சுடுவதும், அதைக் கானுயிர்ப் பேணல் என்று அழைப்பதும் எனக்கு விளங்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வந்தபின் மான் வேட்டை என்றாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பெண்மானைச் சுட்டால் அந்தக் குட்டிகள் என்னவாகும்? நாங்கள் போகலாமா? அனுபவமுள்ளவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டுகிறேன்.

முட்காட்டான் (கிங்ஸ்வில்):

சகோதரி, பண்ணைகளில் மான் கணக்கெடுப்பதும் அதையொட்டி ஆலோசனை சொல்வதும் பல ஆண்டுகளாக என் தொழில். முதலில் குட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் மகள் கேட்கப்போவது அதைத்தான். தெற்கு டெக்சாஸில் வெள்ளைவால் மான்கள் டிசம்பர் நடுவிலிருந்து கூடுகின்றன. சுமார் இருநூறு நாள் சினை சுமந்து, பெரும்பாலும் சூலையில் ஈனுகின்றன. பொது வேட்டைப்பருவம் தொடங்கும் நவம்பர் முதல் சனிக்கிழமைக்குள் குட்டிகளுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிவிடும். அதற்குள் அவை தாய்ப்பாலை நம்பியிராமல், தழை மேய்ந்து, தாயின்றியும் பிழைக்கத் தெரிந்தவையாகியிருக்கும்.

இனி, ஏன் சுட வேண்டும் என்பது. ஒரு நிலம் எத்தனை மான்களைத் தாங்கும் என்பதை இந்தப் பகுதியில் மழைதான் முடிவுசெய்கிறது. மான் புல்லை நம்பி வாழ்வதில்லை. மழைக்குப்பின் முளைக்கும் சிறுபூண்டுகளும், குவாஹியோ, கிரான்ஹேனோ போன்ற முட்செடிகளின் இளந்தளிரும், நெற்றும், கள்ளிப்பழமுமே அதன் உணவு. நல்ல மழை பெய்த ஆண்டில் ஒரு பெண்மான் இரட்டைக் குட்டி ஈனும். அடுத்த இரண்டு ஆண்டுகள் பொய்த்துவிட்டால் அத்தனை வாய்களும் அதே செடிகளைத்தான் நாடும். பண்ணைக்குப் போனால் நான் மானைப் பார்ப்பதற்கு முன் செடியைத்தான் பார்ப்பேன். கிரான்ஹேனோவின் நுனிகள் கடிபட்டிருப்பது இயல்பு. மான் வேறு வழியில்லாதபோது மட்டும் வாய்வைக்கும் செடிகளும் ஆளுயரம் வரை மொட்டையாகியிருந்தால், அந்த நிலத்தில் மான்கள் மிகுந்துவிட்டன என்று பொருள். அப்படிக் கடிபட்ட செடி மீள ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் அங்கே கூடுகட்டும் பறவையும், நிழலில் ஒதுங்கும் காடையும் சேர்ந்தே இடமிழக்கும்.

மான்கள் இவ்வளவு பெருகியதற்கு மனிதன் செய்த ஒரு நல்ல காரியமும் காரணம். முன்பெல்லாம் திருகுப்புழு ஈ என்ற ஒன்று, பிறந்த குட்டியின் ஈரம் காயாத தொப்புளில் முட்டையிடும். புழுக்கள் உயிருள்ள தசையைத் தின்று குட்டியைக் கொன்றுவிடும். மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் விமானத்திலிருந்து பறக்கவிட்டு அந்த ஈயை ஒழித்தார்கள். டெக்சாஸில் 1980களின் தொடக்கத்தோடு அது முடிவுக்கு வந்தது. குட்டிகளின் பெரிய எமன் போனான், மான்கள் பெருகின. (அந்த ஈ இப்போது மெக்சிகோ வழியாக மீண்டும் வடக்கே ஏறிவருவதை இங்குள்ள பண்ணைக்காரர்கள் வயிற்றில் நெருப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.)

எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் ஈனும் பெண்மான்களைத்தான் குறைக்க வேண்டும். ஆகவே உங்கள் நண்பர் ஆண்மானின் கொம்பைப் பேசாமல் பன்னிரண்டு பெண்மான் என்று சொன்னதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணை அவர் மனம்போன போக்கில் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. டெக்சாஸ் பூங்கா, கானுயிர்த் துறை நடத்தும் மான் மேலாண்மைத் திட்டம் ஒன்றில் நிலவுடைமையாளர் சேர்ந்தால், அந்த நிலத்துக்கு இத்தனை ஆண், இத்தனை பெண் என்று அடையாள அட்டைகள் தரப்படும். பருவமும் பிப்ரவரி இறுதிவரை நீளும். அட்டைகளின் எண்ணிக்கை கணக்கெடுப்பை ஒட்டி அமைவதும் உண்டு. இங்கே இலையுதிர் காலத்தில் பெரும்பாலும் ஹெலிகாப்டரில் தாழப் பறந்து எண்ணுவோம்.

கரிசல்மகன் (ஹூஸ்டன்):

நான் இதே பகுதியில் நண்பர்கள் ஐவரோடு சேர்ந்து பல ஆண்டுகளாக வேட்டைக் குத்தகை எடுத்துவருகிறேன், அதாவது பண்ணைக்காரருக்குப் பணம் கொடுத்து அவர் நிலத்தில் வேட்டையாடுகிறோம். ஊரில் உள்ளவர்களுக்கு விளங்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். டெக்சாஸ் நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு தனியாருடையது. காட்டுமான் மாநில மக்களின் சொத்து. அது நிற்கும் காடோ ஒரு குடும்பத்தின் சொத்து. ஆகவே காடு காடாக இருக்க வேண்டுமானால் அந்தக் குடும்பத்துக்கு அதில் வாழ்வாதாரம் இருக்க வேண்டும். மாட்டுவிலை சரிந்த ஆண்டுகளில் எங்கள் பண்ணைக்காரர் புதரைப் பெயர்த்துவிட்டு முழுவதும் மேய்ச்சல் புல் போடாமல் இருந்ததற்கு எங்கள் குத்தகைப் பணம்தான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1995இல் டெக்சாஸ் மக்கள் வாக்களித்து அரசமைப்பைத் திருத்திய பிறகு, மாடு மேய்க்காமல் கானுயிரைப் பேணினாலும் வேளாண் நிலத்துக்குரிய குறைந்த வரியே தொடரலாம் என்றானது. அதற்கு வாழிடம் சீர்படுத்தல், மண்ணரிப்புத் தடுப்பு, கூடுதல் நீர், கணக்கெடுப்பு உள்ளிட்ட ஏழு பணிகளில் மூன்றையாவது செய்தாக வேண்டும். நீங்கள் கண்ட நீர்த்தொட்டியும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வசூலாகும் வரியும் மாநிலங்களின் கானுயிர்ப் பணிக்கே போகிறது. நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அது 11 விழுக்காடு.

போனால் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். விடியுமுன் பரணில் ஏறிச் சத்தமின்றி உட்கார வேண்டும். சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன்பிருந்து மறைந்து அரைமணி வரைதான் சுடலாம். சுட்ட மானுக்கு அங்கேயே அட்டை கட்ட வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது குற்றம். அதை விற்பதும் குற்றம். எங்கள் குழுவில் மானைத் தொங்கவிட்டுக் குடல் நீக்கியபின் எடை பார்ப்போம், மடியில் பால் இருக்கிறதா என்று பார்ப்போம், கீழ்த்தாடையை அறுத்தெடுத்துக் கழுவிக் காயவைப்போம். தாடையின் பக்கவாட்டுப் பற்களில் மூன்றாவது மூன்று முகடுகளோடு இருந்தால் ஏறத்தாழ ஒன்றரை வயதுக்கு மேற்படாத இளசு. அது விழுந்து இருமுகட்டுப் பல் முளைத்திருந்தால் அதற்கு மேல், பிறகு தேய்மானத்தை வைத்துக் கணிப்பார்கள். ஆண்டிறுதியில் மாட்டுக்கொட்டகையில் கம்பியில் கோத்துத் தொங்கும் அந்தத் தாடைகளைப் பார்த்தாலே, அந்த நிலம் எப்படி இருக்கிறது என்று முட்காட்டான் அண்ணன் போன்றவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஒற்றையடி (ஆஸ்டின்):

மேலே சொல்லப்பட்டவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பண்ணையும் இப்படி இல்லை என்பதையும் சகோதரி அறிய வேண்டும். எட்டடி உயர வேலிக்குள் மான்களை அடைத்து, பெரிய கொம்புக்காகப் பட்டியில் இனப்பெருக்கம் செய்து, கொம்பின் அளவை வைத்து விலைபேசும் இடங்களும் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. மூளையை அரிக்கும் மான் நலிவுநோய் டெக்சாஸில் 2012இல் மேற்கே ஹுவேக்கோ மலைப்பகுதியின் கழுதைக்காது மான்களிடம் கண்டறியப்பட்டது. 2015இல் மெதினா கவுண்டியில் வெள்ளைவால் மான் வளர்ப்புப் பட்டி ஒன்றிலேயே வெளிப்பட்டது. அதற்கு மருந்தில்லை, தடுப்பூசியில்லை. மான்கள் ஒரே தீவனத் தொட்டியில் மூக்கோடு மூக்கு உரசுவது அந்த நோய்க்கு வழிவிடுவதாகும். தீவனம் போடுவதைக் கருணை என்று நான் ஏற்கமாட்டேன். நிலம் தாங்காத எண்ணிக்கையைத் தீவனத்தால் தாங்கிப் பிடித்துவிட்டு, பிறகு மிகுதியாகிவிட்டது என்று சுடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

முட்காட்டான்:

ஒற்றையடி சொன்னதில் பெரும்பகுதிக்கு என் உடன்பாடு உண்டு. தீவனம் காட்டுக்கு ஈடாகாது. தீவனம் தின்னும் மானும் முட்செடியை விட்டுவிடாது. தெம்பு கூடிய மான் விருப்பமான செடிகளை மேலும் தேடித் தின்னும். பூஞ்சை பிடித்த சோளத்தால் காடைகளுக்கு நஞ்சேறுவதும் உண்டு. 'கொம்பு சிறுத்த ஆண்களைக் கொன்று இனத்தை மேம்படுத்துகிறோம்' என்று சொல்வாரும் உண்டு. கிங்ஸ்வில்லில் உள்ள சீசர் கிளீபர்க் கானுயிர் ஆய்வு நிறுவனம் திறந்த காட்டு மான்களிடையே ஆண்டுக்கணக்கில் அதைச் சோதித்தது, கொம்பு பெருக்கவில்லை. கொம்பு பெருக்க வேண்டுமானால் மான் ஐந்தாறு வயதுவரை வாழ வேண்டும், வயிறார மேய வேண்டும். இரண்டுக்கும் காடுதான் வழி.

நான் பெரிதாகக் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 1940களிலிருந்து மாட்டுக்காக இங்கே பரப்பப்பட்ட பஃபல் புல், நம் ஊர் மேய்ச்சல் காட்டின் கொழுக்கட்டைப் புல்லேதான். அங்கே ஆட்டுக்கும் மாட்டுக்கும் உயிர்கொடுக்கும் புல், இங்கே சிறுபூண்டுகளை மூடி முளைக்கவிடாமல் செய்கிறது. கிங் பண்ணை என்ற பெரும் பண்ணையில் 1930 வாக்கில் விடப்பட்ட நீலகாய் மான்களும் நம் நாட்டு உயிர்தான். கடற்கரைக் கவுண்டிகளில் அவை பெருகி, மாட்டுக் காய்ச்சல் உண்ணியைச் சுமந்து திரிகின்றன. இங்கே அடர்ந்த முட்காட்டை நம்பியே வாழும் ஓசிலாட் என்ற காட்டுப்பூனை, அமெரிக்காவில் இனம்பெருக்கி வாழ்வது தெற்கு டெக்சாஸில்தான். அதிலும் நூறுக்கும் குறைவாகவே இருக்கலாம் என்கிறார்கள். அவற்றில் பல தனியார் பண்ணைகளில்தான் வாழ்கின்றன. புதரை அடியோடு பெயர்த்துவிட்டால் அந்தப் பூனைக்குப் போக்கிடமில்லை.

சகோதரி, போவதற்கு முன் நண்பரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பன்னிரண்டு என்பது எந்தக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது, சென்ற ஆண்டு சுட்டவற்றின் வயதும் எடையும் குறித்து வைத்திருக்கிறாரா, தீவனத்தை நிறுத்தினால் அந்த நிலம் எத்தனை மான்களைத் தாங்கும் என்று நினைக்கிறார். பதில் தெளிவாக இருந்தால் தயங்காமல் போங்கள்.

வைகைக்கரை:

கேட்டுவிட்டேன். முதல் இரண்டுக்கும் உடனே குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். பென்சிலில் எழுதிய எடைகளும், 'பால் உண்டு', 'பால் இல்லை' என்ற குறிப்புகளும் அதில் இருந்தன. மூன்றாவது கேள்விக்குச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாதிதான் தாங்கும், அதனால்தான் அழைக்கிறேன், வரும் ஆண்டிலிருந்து தீவனத்தைக் குறைக்கப் போகிறேன்" என்றார். என் கணவர் வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டார். 1971 செப்டம்பர் 2ஆம் தேதியிலிருந்து பிறந்த எவருக்கும் அது கட்டாயமாம். சுடாமல் உடன் இருப்பவருக்கு உரிமம் வேண்டாம் என்பதால் நானும் மகளும் பரணில் இருப்போம். குட்டிகளுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது என்பதை அவளிடம் சொன்னேன். தாடைப்பல் பார்க்கும்போது தன்னையும் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.