பித்தக் குழாயில் அடைப்பு, ஜிஜிடி 780: இது குடியாலா?

கேள்வி:
அண்ணனுக்குப் பித்தக் குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை. முன்பு தினமும் குடித்தவர், விட்டு மூன்று மாதம் ஆகிறது. நேற்று வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஈரல் நொதிகள்: ஏஎல்பி 540, ஜிஜிடி 780, எஸ்ஜிஓடி 110, எஸ்ஜிபிடி 165. ஜிஜிடி இவ்வளவு ஏறினால் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்றுதான் அர்த்தம் என்று யாரோ சொல்லிவிட, அண்ணி இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை. உண்மையில் அப்படித்தானா? கல்லை எடுத்த பிறகு எப்போதாவது கொஞ்சம் குடிக்கலாமா என்று வேறு கேட்கிறார்.

பதில் 1:
லேபில் வேலை பார்க்கிறேன், இந்தச் சந்தேகம் நிறைய பேருக்கு வரும். குடித்தால் ஜிஜிடி ஏறும், சரி. ஆனால் பித்தம் தேங்கினாலும் ஏறும், ஏனென்றால் வெளியேற வழியில்லாத பித்த உப்புகள் ஈரல் செல்லின் சவ்வைக் கரைத்து அங்கிருக்கும் நொதிகளை ரத்தத்தில் கலக்க விடுகின்றன. அடைப்பு இருக்கும்வரை ஜிஜிடியை வைத்து யாரையும் குடிகாரர் என்று சொல்ல முடியாது. ஏஎல்பியைப் பாருங்கள், அதுவும் கூடவே ஏறியிருக்கிறது, வெறும் குடியில் பெரும்பாலும் இவ்வளவு ஏறாது. குடியால் ஈரல் வீங்கினால் பொதுவாக எஸ்ஜிஓடிதான் எஸ்ஜிபிடியைவிட அதிகம், பல சமயம் இரண்டு மடங்குக்கு மேல். இங்கே தலைகீழ். இந்த எண்களை அடைப்பே விளக்கிவிடும், அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான், ஆனால் அவர் குடிக்கவில்லை என்பதற்கும் இந்த ரிப்போர்ட் சாட்சி ஆகாது. அதைவிட முக்கியம், குளிரோடு காய்ச்சல் வந்தால் பித்தக் குழாயில் கிருமி பரவியிருக்கலாம், காலைவரை காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள். அப்புறம் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்த்தார்களா? பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும், கல் எடுக்கும் முன் அது தெரிய வேண்டும்.

பதில் 3:
எனக்கும் இதே கல், இதே குடிப்பழக்கம். கல்லை எடுத்ததும் மறுநாளே எல்லாம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்துப் பயந்துபோனேன். மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினில் ஒரு பகுதி, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் மஞ்சள் போக வாரக்கணக்கில் ஆகும், ஜிஜிடியும் மெதுவாகத்தான் இறங்கும். அப்போது மறுபடி சண்டை போடாதீர்கள். குடிப்பதைப் பற்றி: பித்தம் தேங்கி அடிபட்ட அதே செல்தான் சாராயத்தையும் உடைக்க வேண்டும், உடைக்கும்போது வரும் அசிட்டால்டிஹைடு அதற்கு நஞ்சு. தினமும் குடித்தவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, கணையம் நாள்பட வீங்கித் தழும்பேறினால் அதன் தலைப்பகுதி வழியாகப் போகும் பித்தக் குழாயே சுருங்கிவிடும், கல் இல்லாமலே மறுபடி அடைப்பு. எப்போதாவது என்று ஆரம்பித்தால் நம்மைப் போன்றவர்களுக்கு அது அங்கே நிற்காது. வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேட்டவர்:
மூன்றையும் அண்ணியிடம் படித்துக் காட்டினேன், அவரே அண்ணனுக்குக் கஞ்சி எடுத்துப்போனார். ஐஎன்ஆர் பார்க்கவில்லை, நாளை காலை டாக்டரிடம் கேட்கிறேன்.