புதுப்பிப்பு: குத்துவிளக்கு விற்பனைக்குக் கவுண்ட்டவுன் டைமர்

நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை இணையத்தில் விற்கும் எங்கள் கடைக்குக் கவுண்ட்டவுன் டைமர் (கெடுவுக்கு மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரம்) வேண்டுமா என்று சென்ற பதிவில் கேட்டிருந்தேன். வைத்துவிட்டோம், ஆனால் தள்ளுபடிக்காக அல்ல. கார்த்திகை தீபத்துக்கு முன் விளக்கு வீடு வந்து சேர எப்போதுக்குள் ஆர்டர் தர வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. பித்தளை கனமாதலால் சரக்கு தரைவழியாகத்தான் போகிறது, அந்தக் கெடுவை நாங்கள் நினைத்தாலும் நீட்டிக்க முடியாது.

பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஓடத் தொடங்கும் டைமரைச் சிலர் பரிந்துரைத்திருந்தீர்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் 13 ஏமாற்று உத்திகளில் பொய்யான அவசரமே முதலாவது. சட்டம் இருக்கட்டும், பக்கத்தை ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்தாலே வாங்குபவருக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மின்னஞ்சலில் சிக்கல் வேறு. இணையப் பக்கத்தில் டைமரை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அங்கே ஓடாது என்பதால், அஞ்சல் திறக்கப்படும்போது சர்வர் கணக்கிட்டு அனுப்பும் அசையும் ஜிஃப் படமே டைமராகத் தெரிகிறது. விண்டோஸின் பழைய அவுட்லுக் பதிப்புகள் அதன் முதல் பிரேமை, அதாவது அசையாத முதல் படத்தை மட்டுமே காட்டும். ஆப்பிள் மெயிலில் 2021-இல் வந்த தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், வாசகர் திறப்பதற்கு முன்பே படம் இறக்கப்பட்டுவிடுவதால், மாலையில் பார்ப்பவருக்குக் காலையில் மிச்சமிருந்த நேரம் தெரியக்கூடும். ஆகவே மின்னஞ்சலில் கெடு நாளையும் மணியையும் எழுத்திலேயே தந்துவிட்டோம்.

தளத்தின் டைமர் வாங்குபவரின் கைப்பேசிக் கடிகாரத்தை நம்பாமல் சர்வர் நேரத்தை வைத்தே ஓடுகிறது. சிங்கப்பூரிலிருந்து பெற்றோர் வீட்டுக்கு விளக்கு அனுப்பும் கும்பகோணத்துக்காரர்கள் எங்களுக்கு நிறைய உண்டு; அவர்கள் கைப்பேசி காட்டுவது சிங்கப்பூர் நேரம், எங்கள் கெடுவோ இந்திய நேரப்படி.