பத்தாவது வந்துட்டா கிரவுண்ட் பக்கமே போகக்கூடாதா?

மஞ்சக்குப்பம் அம்மா:
கடலூர் தாங்க நாங்க. பையன் இந்த வருஷம் பத்தாவது. போன வருஷம் வரைக்கும் சாயங்காலம் ஆனா கபடி, ஷட்டில்னு தெருவுலயே கெடப்பான், இப்ப ஸ்கூல்ல பிடி பீரியட கணக்கு சார் எடுத்துக்குறாரு, வந்ததும் ட்யூஷன், எட்டரைக்கு வீடு, அப்புறம் செல்போன், தூங்க பன்னெண்டு ஆவுது. பழைய பேன்ட் ஒண்ணும் இடுப்புல ஏறல. மாமியார் "பரிட்சை முடியட்டும், விளையாட்டு எங்க ஓடிடப் போவுது"ன்றாங்க. எனக்கு மனசு கேக்கல, என்ன பண்ணலாம்?

பிடி வாத்தியார்:
நிறுத்தாதீங்கம்மா. வருஷா வருஷம் பாக்குறேன், ஜூன்ல கிரவுண்ட விட்ட பசங்க டிசம்பர்ல ரெண்டு மாடி ஏறவே மூச்சு வாங்குதுங்க. 5 வயசுலருந்து 17 வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்க உடம்பு அசையணும், வாரத்துல 3 நாளாவது தசையும் எலும்பும் பலமாகுற மாதிரி இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லிருக்கு. ஒரே மூச்சுல பண்ணணும்னு இல்ல, பிச்சுப் பிச்சு பண்ணாலும் சேரும். ட்யூஷனுக்கு வண்டில கொண்டு விடாம சைக்கிள்ல அனுப்புங்க, காலைல அண்ணா ஸ்டேடியத்துல ஒரு அரை மணி ஓடட்டும். உடம்பு களைச்சா தூக்கமும் சீக்கிரம் வரும், இந்த வயசுக்கு 8 மணி நேரமாவது தூங்கணும், பன்னெண்டு மணிக்குப் படுத்தா மறுநாள் கிளாஸ்ல என்னத்த ஏறும்?

பாண்டி வாலிபால்:
பையனுக்காவது கேக்க ஆள் இருக்கு. பொண்ணுங்கள வயசுக்கு வந்ததுமே உக்கார வெச்சிடுறாங்க, எனக்கு அதான் ஆறவே மாட்டேங்குது. ஓடிக் குதிச்சு எலும்பு கெட்டியாகுற வயசே அதுதானே. உப்பளம் ஸ்டேடியத்துல என்கூட ஆடுனவங்கள்ல பாதிப் பேர் ப்ளஸ் டூ வர்றதுக்குள்ள காணாமப் போயிட்டாங்க. அக்கா, உங்க வீட்ல பொண்ணு இருந்தா அவளையும் சேத்து அனுப்புங்க.

தேவனாம்பட்டினம்:
சில்வர் பீச்சுக்கு வரச் சொல்லுங்க, மணல்ல ஓடுனா ரோட்ட விட ஜாஸ்தியா கெண்டைக்கால் இழுக்கும், மொதல் வாரம் நடந்தாலே போதும். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும். கடல்ல மட்டும் எறங்க விடாதீங்க, இழுப்பு ஜாஸ்தி. இன்னொண்ணு, "குண்டாயிட்ட, ஓடு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் பிள்ளை அந்தப் பக்கமே வராது. பழைய கபடி செட்டு பசங்கள்ல ரெண்டு பேரக் கூப்புட்டு விடுங்க, தானா வருவான்.

மஞ்சக்குப்பம் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட இப்பவே சொல்லிட்டேன், நாளைக்கு ஆறு மணிக்கு சைக்கிள்ல வர்றேன்னான். வெறும் வயித்துல ஓடலாமா?

பிடி வாத்தியார்:
ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தண்ணி போதும். வந்து நல்லா இட்லி சாப்பிடட்டும்.