பலேனோ எஞ்சின் ஏத்துன எஸ்டீம்: கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்குக்குப் போறதுக்க முன்ன என்னெல்லாம் பாக்கணும்?

தக்கலை எஸ்டீம்

1997 எஸ்டீம், கார்புரேட்டர் மாடல். பலேனோவுக்க 1590 சிசி ஜி16பி எஞ்சின், அதுக்க வயரிங், ஈசியு (எஞ்சினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) எல்லாம் ஏத்தியாச்சு. கியர்பாக்ஸ் எஸ்டீமுக்கதுதான். பிரேக், ரேடியேட்டர், ஆக்ஸில், எஞ்சின் மவுண்ட் எல்லாம் பழசு. டேங்க் பழசுதான், உள்ளே பம்ப் மட்டும் புதுசு. ரோட்டுல ஒரு குறையும் இல்ல. ஏசி போட்டு ஆரல்வாய்மொழி தாண்டி நாலுவழிச் சாலையில விட்டாலும் டெம்பரேச்சர் முள்ளு பாதிய தாண்டாது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஒரு டிராக் டே (சொந்த வண்டிய ரேஸ் டிராக்குல ஓட்டுற நாள்) போகலாம்னு இருக்கு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் மாத்த காசு ஒதுக்கி வச்சிருக்கேன். வேற என்ன வேணும்? வண்டிய இங்கேருந்து ஓட்டிட்டே போகலாமா?

வடசேரி ஸ்பானர்

அந்த இன்டேக், எக்ஸாஸ்ட் காச அப்பிடியே பிரேக்குல போடு மக்கா. எஞ்சின் மட்டும்தான் மாறியிருக்கு. அதச் சுத்தி இருக்கது எல்லாம் எஸ்டீமுக்க பழைய 1298 சிசி எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்த சாமான். ரோட்டுல அது தெரியாது. டிராக்குல ரெண்டாவது ரவுண்டுலயே தெரியும்.

கரி 2.1 கிலோமீட்டர்தான். பெரிய நேர்ப்பாதை கிடையாது, ஒரு வளைவு முடிஞ்சா அடுத்தது. அதனால பிரேக்குக்கு ஆற நேரமே கிடைக்காது. டாட் 4 பிரேக் ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடிச்சதுக்க அப்புறம் அந்தக் கணக்கு 155 டிகிரி. நம்ம ஊர்ல ரெண்டு மழையும் உண்டு, கடக்காத்து வேற. ரெண்டு வருசம் மாத்தாத ஆயில்னா 155க்குப் பக்கத்துல நிக்குதுன்னே வச்சுக்க. 500 மில்லி டப்பா ரெண்டு வாங்கு, சீல் உடையாதது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமா உள்ள சக்கரத்துலேருந்து தொடங்கி, டியூப்ல தெளிஞ்ச ஆயில் வரும்வரை எடு. மிச்சத்த மூடி வச்சு அடுத்த வருசம் ஊத்தாத. பின்னால டிரம், அதனால ஷூ அட்ஜஸ்ட்மென்டையும் பாத்துடு. அது தளர்வா இருந்தாலும் பெடல் இறங்கும், நீ ஆயிலக் குறை சொல்லிட்டு இருப்ப.

பெடல் சொல்லுறதக் கேக்கப் படிச்சுக்க. மெத்துனு தரைவரை போச்சுன்னா ஆயில் கொதிச்சாச்சு. பெடல் கல்லு மாதிரி நிக்கும், வண்டி நிக்காதுன்னா பேடு சூடு தாங்கல. ரெண்டுக்கும் மருந்து வேற வேற. எது வந்தாலும் அடுத்த ரவுண்டு போகாத. மெதுவா ஒரு சுத்து சுத்தி உள்ள வந்துடு. நிறுத்துனதும் ஹேண்ட் பிரேக் இழுக்காத. சூட்டுல லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும். கட்டைய வை, கியர்ல விடு.

அடுத்தது எஞ்சின் ஆயில். நீண்ட வளைவுல ஆயில் சம்புக்க (எஞ்சினுக்கடியில ஆயில் தங்குற தொட்டி) ஒரு பக்கமா ஒதுங்கும், ஆயில் உறிஞ்சுற பிக்கப் குழாய் காத்த உறிஞ்சும். ஒரு செகண்ட் போதும், பேரிங் போயிடும். டிப் ஸ்டிக்குல மேல் கோடு, அதுக்கு மேல ஒரு 300 மில்லி. அதுக்கு மேல ஊத்தினா கிராங்க் அடிச்சு நுரையாக்கும், பிரீதர் (எஞ்சின் ஆவி வெளிய போற டியூப்) வழியா இன்டேக்குக்கு வரும். அந்த ஆயிலப் பிடிக்க டியூபுக்கு ஒரு கேட்ச் பாட்டில் எப்பிடியும் வேணும். டேஷ்ல இருக்க சிவப்பு ஆயில் லைட்ட நம்பாத. அது எரியும்போது காரியம் முடிஞ்சிருக்கும். மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் ஒண்ணு போடு. சூடான எஞ்சின்ல 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐங்கிறது பழைய கைக்கணக்கு. வளைவுல முள்ளு விழுந்தா ஆக்ஸிலேட்டர விடு.

ஆக்ஸில் (கியர்பாக்ஸ்லேருந்து சக்கரத்தச் சுத்துற ஷாஃப்ட்) பழசுன்னு சொன்ன. இந்த மாதிரி மாத்துன வண்டியில இதத்தான் யாரும் அளக்கிறதில்ல. வண்டி நாலு சக்கரத்துலயும் நிக்கும்போது உள்பக்க ஜாயின்டுக்க பூட் கிளிப்பக் கழட்டு. ஷாஃப்ட் கப்புக்குள்ள எவ்வளவு இறங்கி இருக்குன்னு பாத்து மார்க்கர்ல ஒரு கோடு போடு. அப்புறம் சஸ்பென்ஷனக் கழட்டி, ஷாஃப்ட் முட்டுறவரை உள்ள தள்ளி இன்னொரு கோடு போடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 10 மில்லிமீட்டராவது இருக்கணும். இல்லன்னா கெர்ப் (வளைவு ஓரத்து மேடு) ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் போய் கியர்பாக்ஸ இடிக்கும். எதிர்ப்பக்கம் தொங்கும்போது கழண்டு வரவும் செய்யும். ரெண்டு பக்கமும் அளக்கணும், கேட்டியா?

மவுண்ட் ரப்பர் பழசுன்னா பவர் கொடுக்கும்போது எஞ்சின் ஆடி கியர் தானா நியூட்ரலுக்கு வரும். கிளட்ச் சோதனை லேசு: நாலாம் கியர், 2000 ஆர்பிஎம், முழு ஆக்ஸிலேட்டர். ஸ்பீடு ஏறாம ஆர்பிஎம் மட்டும் ஏறினா பிளேட் நழுவுது.

குளச்சல் காத்து

ஸ்பானர் அண்ணன் சொன்னதோட, அந்த டெம்பரேச்சர் முள்ளு விசயம். முள்ளு பாதியில நிக்குறது எதுக்கும் சாட்சி இல்ல. மீட்டர் எஸ்டீமுக்கது. சென்சார் எந்த எஞ்சினுக்கதுன்னு முதல்ல பாருங்க. மீட்டரும் சென்சாரும் பொருந்தலன்னா முள்ளு பொய் சொல்லும். சென்சாரக் கழட்டி, வயரோட கொதிக்கிற தண்ணியில விட்டு, பாடிய எர்த் பண்ணி, முள்ளு எங்க நிக்குதுன்னு டேஷ் கண்ணாடியில ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்க. அது உங்க 100 டிகிரி. இன்னொண்ணு: ஹோஸ் வெடிச்சு தண்ணி மொத்தமா போயிட்டா சென்சார் வெறும் ஆவியில நிக்கும், முள்ளு ஏறுறதுக்குப் பதிலா இறங்கும். திடீர்னு முள்ளு கீழ வந்தா சந்தோசப்படாம எஞ்சின ஆஃப் பண்ணுங்க.

ரேடியேட்டருக்கு ஓட்டத்துல ஃபேன் உதவாது. முன்னால வர்ற காத்து ரேடியேட்டர் வழியாப் போகாம, பக்கத்துல இருக்க இடைவெளி வழியாப் போயிடும். ரேடியேட்டருக்கும் கிரில்லுக்கும் நடுவுல அலுமினிய ஷீட்டும் ஃபோமும் வச்சு அடைங்க, நூறு ரூபா செலவு. கடலோரத்துல ஓடுன ரேடியேட்டர்னா ஃபின்ன விரலால தடவிப் பாருங்க. பொடிஞ்சு உதிர்ந்தா அது தண்ணி பிடிக்கிற டப்பா, ரேடியேட்டர் இல்ல.

அதே உப்புதான் எர்த் வயரையும் தின்னும். ஸ்டார்டர் அடிக்கும்போது மல்டிமீட்டர்ல எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல அளங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் பட்டைய மாத்துங்க. ஈசியுவுக்க எர்த்தயும் எஞ்சின் பிளாக்குலேருந்து தனியா எடுங்க. சூடாகும்போது மட்டும் மிஸ்ஃபயர் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்ரோல் லைன். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ் அந்தச் சின்ன பிரஷருக்குச் செஞ்சது. இன்ஜெக்ஷன் 3 பார் பக்கம் ஓடும். டேங்க்லேருந்து ரெயில் (இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் கொடுக்குற குழாய்) வரை இன்ஜெக்ஷன் ஹோஸ், பல்லு வெட்டாத கிளிப். ரிட்டர்ன் லைனையும் பாருங்க. கார்புரேட்டர் டேங்க்குல தடுப்புத் தகடு இல்லன்னா பாதிக்குக் கீழ பெட்ரோல் போகும்போது வளைவுல பம்ப் காத்த எடுக்கும், கலவை மெலிஞ்சு நாக்கிங் (எஞ்சின் தட்டுற சத்தம்) வரும். ஒவ்வொரு செஷனுக்கும் (ஒரு தடவ டிராக்குல இறங்கி ஓட்டுறது) முக்கால் டேங்க்.

ஆர்சி புத்தகம்

ஓட்டிக்கொண்டு போவது பற்றி யாரும் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி (பதிவுச் சான்று) விவரம் மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. உங்கள் ஆர்சியில் 1298 சிசியும் பழைய எஞ்சின் எண்ணும் இருக்கும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. 1997 வண்டி, பதினைந்து வருடம் தாண்டியது. பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குப் போகும்போது எஞ்சின் எண்ணைத் தேய்த்துப் பார்ப்பார்கள்.

இன்சூரன்ஸ் டிராக்கில் செல்லாது. பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பத்தியைப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் வெளியே நிறுத்தப்பட்டிருக்கும். அதற்கு முன்பே, வழியில் ஒரு மோதல் வந்தால் எஞ்சின் எண் பொருந்தாத வண்டிக்கு கிளெய்ம் சிக்கல். நாகர்கோவிலிலிருந்து கோவை நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஃபிளாட்பெட்டில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஆடிக்காற்று நாளில் ஆரல்வாய்மொழி கணவாயில் ஏற்றின வண்டி பக்கவாட்டில் ஆடும். நான்கு சக்கரத்தையும் பட்டையால் கட்டச் சொல்லுங்கள், அச்சை மட்டும் கட்டினால் போதாது.

தக்கலை எஸ்டீம்

ஃபிளாட்பெட் பேசிட்டேன். இடது ஆக்ஸில் அளந்தேன், 4 மில்லிமீட்டர்தான் மிச்சம். வலது 13. மவுண்ட்ட நகத்தணுமா? டயர்ல காத்து எவ்வளவு?

வடசேரி ஸ்பானர்

கூட்டினா 17, ரெண்டாப் பிரிச்சா எட்டரை. அதனால மவுண்ட்ட மட்டும் நகத்தினா ரெண்டு பக்கமும் பத்துக்கு வராது. முதல்ல எஞ்சின் வலது பக்கமா 3 மில்லிமீட்டராவது போகுமான்னு ஸ்லாட்ட பாரு. அப்புறம் ஆக்ஸில் ரெண்டையும் மேசையில வச்சு, அந்தந்தப் பக்கத்து எஸ்டீம் ஷாஃப்ட்டுக்க நீளத்தோட ஒப்பிடு. தப்பான ஷாஃப்ட் ஏதோ ஒண்ணு கலந்திருக்கு. அது சரியாகாம டிராக்குக்குக் கொண்டு போகாத.

காத்து: ஆறுன டயர்ல 28 பிஎஸ்ஐ வச்சுத் தொடங்கு. உள்ள வந்த உடனே, ஆறுறதுக்க முன்ன அள. 33ஐத் தாண்டியிருந்தா இறக்கு. திரும்பி வரும்போது ஏத்த மறக்காத. பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 2319னா 2019ல 23ஆவது வாரம். ஆறு வருசம் தாண்டுன டயர் வேண்டாம். வீல் நட் டார்க் ரெஞ்சுல, மேனுவல்ல உள்ள கணக்குக்கு. முதல் செஷன் முடிஞ்சு வீல் ஆறுனதும் மறுபடி. முதல் செஷன் பத்து நிமிசத்துக்கு மேல வேண்டாம். வந்து பானட்டத் திற, ஆயில் கசிவு, ஹோஸ் கிளிப், பேட்டரி கிளாம்ப் தொட்டுப் பாரு. பேட்டரிய ரப்பர் பேண்டுல கட்டியிருந்தா டிராக்குல இறங்குறதுக்க முன்ன நடக்குற ஆய்வுலயே திருப்பி அனுப்புவாங்க.

தக்கலை எஸ்டீம்

ஒண்ணு பலேனோ ஷாஃப்ட்டுதான். எஸ்டீம் ஷாஃப்ட் மார்த்தாண்டத்துல பழைய சாமான் கடையில சொல்லி வச்சிருக்கு. பேடு எத்தன செட் எடுக்கணும்?

குளச்சல் காத்து

முன்னாலுக்கு ரெண்டு. ஒண்ணு மாட்டிட்டுப் போங்க, ஒண்ணு பெட்டியில.