காந்தப் பட்டை போட்டால் மூட்டு வலி குறையுமா? எங்கள் அனுபவங்கள்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். படி இறங்கும்போதுதான் வலி உயிர் போகும். அது உச்சத்தில் இருந்த சமயத்தில் சித்தி ஒரு காந்தப் பட்டை வாங்கிக் கொடுத்தார். துணிக்குள் சட்டைப் பொத்தான் அளவில் வரிசையாகக் காந்தங்கள் வைத்துத் தைத்திருந்தது. சில வாரங்களில் வலி குறைந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அம்மா இல்லாததைச் சொல்பவர் அல்ல.

ஆனால் அதே வாரங்களில் பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சியையும் அவர் ஒருநாள்கூட விடாமல் செய்தார். தவிர, மூட்டு வலி தானாகவே கூடும், குறையும். தாங்க முடியாமல் இருக்கும்போதுதான் நாம் புதிதாக ஒன்றை வாங்குகிறோம். அப்புறம் வலி இறங்கும்போது கையில் எது இருக்கிறதோ, பெயர் அதற்குப் போய்விடுகிறது.

பட்டையோடு வந்த தாளில், ரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுத்து ஓட்டத்தைக் கூட்டும் என்று போட்டிருந்தது. இது சரியில்லை. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆணியில் உள்ள இரும்பைப் போல நடந்துகொள்ளாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதற்குப் பதில் மிக மிக லேசாகத் தள்ளத்தான் செய்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு). அவ்வளவு பெரிய காந்தத்துக்குள் படுத்திருந்தாலும் ரத்தம் ஒரு பக்கமாகப் போய்ச் சேர்வதில்லை. இந்தப் பட்டையின் மெத்தென்ற பக்கத்தில் ஒரு குண்டூசியை வைத்துப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. நடுவில் கைக்குட்டையை மடித்து வைத்ததும் கீழே விழுந்துவிட்டது. மூட்டோ தோலுக்கும் தசைக்கும் அடியில் இருக்கிறது.

அம்மா இன்னும் பட்டையைப் போடுகிறார், இதமாக இருக்கிறதாம். போடட்டும். பயிற்சியை மட்டும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

*

எனக்குக் குதிகால் வலி. காலையில் முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவது போல இருக்கும். காந்தம் வைத்த உள்ளங்கால் அட்டையைச் செருப்புக்குள் போட்டு நடந்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். குதிகால் வலி உள்ள 101 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையான காந்த அட்டை, மற்றவர்களுக்கு அதே போன்ற வெறும் அட்டை. 8 வாரம் கழித்து இரண்டு பக்கத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேற்றம். மெத்தென்ற அட்டையே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004-இல் இங்கிலாந்தில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ள 194 பேரில் சிலருக்குக் காந்த வளையலும், மற்றவர்களுக்குக் காந்தம் குறைந்த அல்லது இல்லாத வளையலும் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் வளையல் போட்டவர்களைவிடக் காந்த வளையல் போட்டவர்களுக்கு வலி ஓரளவு அதிகமாகக் குறைந்தது. ஆனால் காந்த வளையல் சாவியில் ஒட்டுமே! தன் கையில் இருப்பது உண்மையானதுதான் என்று தெரிந்துவிட்டால், நம்பிக்கையும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம்.

*

எங்கள் மாமனாருக்கு, இதயத்தைத் தூண்டிச் சீராகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. உறவினர் ஒருவர் பாசத்தோடு காந்த மெத்தை கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, விரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டோம், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். காந்தம் பக்கத்தில் வந்தால் பேஸ்மேக்கர், இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்க்காமல் ஒரே வேகத்தில் தூண்ட ஆரம்பித்துவிடுமாம். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது மின் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து, தேவைப்படும் நேரத்தில் அது அதிர்ச்சி கொடுக்காமலே இருந்துவிடலாம். இன்சுலின் பம்ப் போட்டிருப்பவர்களும் கேட்காமல் தொடாதீர்கள். இதயக் கருவி இருக்கும் இடத்திலிருந்து காந்தப் பொருள் எதுவானாலும் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும்.