7 வண்டி, 14 கிலோமீட்டர் பாறைப் பாதை: ஒரே நாளில் முடியுமா?

மலைமுகடு:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதக் கடைசியில் ஒரு பாறைப் பாதைக்குக் குழுவாகப் போவதாக இருக்கிறோம். மொத்தம் 14 கிலோமீட்டர். முதல் 5 கிலோமீட்டர் மண் ரோடு, பிரச்சினை இல்லை. அதற்கப்புறம் 6 கிலோமீட்டர் முழுக்க உருட்டுக்கல்லும் படிப்பாறையும். நடுவே ஒரு காய்ந்த ஓடை இரண்டு இடத்தில் குறுக்கிடுகிறது. பாறைப் பகுதி முடியும் இடத்தில் செங்குத்தான ஏற்றம், அதில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு படிகள். மேலே ஏறிவிட்டால் மறுபக்கம் மறுபடி மண் ரோடுதான்.

வண்டிகள்: ஜிம்னி இரண்டு (ஒன்று மேனுவல், ஒன்று ஆட்டோமேட்டிக்), ரேங்லர் ரூபிகான் ஒன்று, டபுள் கேப் பிக்கப் இரண்டு, பழைய ஜீப் ஒன்று, ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவர் (கார் அடித்தட்டில் கட்டிய எஸ்யூவி) ஒன்று. விஞ்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார் உருளை) இருப்பது ரேங்லரிலும் ஒரு பிக்கப்பிலும் மட்டும்.

காலை 8 மணிக்குக் கிளம்பினால் மதியம் 2 மணிக்கு மறுமுனையில் இருப்போம் என்று கணக்கு. கேட்க வேண்டியவை:

நேரக் கணக்கு சரியா? டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம்? மீட்புக்கு ஒரு நல்ல கைனடிக் கயிறு (இழுத்தால் நீளும் மீட்புக் கயிறு) வாங்கிவிட்டோம், அது போதுமா? கடைசியாக, கிராஸ்ஓவர்காரர் எங்களில் மூத்தவர், ஆசையாகக் கேட்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

நிதானம்:

நேரக் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பாறைப் பாதையில் கிலோமீட்டருக்கு மதிப்பே கிடையாது. எத்தனை சிக்கலான இடம், எத்தனை வண்டி என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு சிக்கலான இடத்தில் ஒரு வண்டிக்கு 10 நிமிடம் என்று வையுங்கள். இறங்கிப் பார்ப்பது, கல்லை நகர்த்துவது, ஒருவர் முன்னால் நின்று வழிகாட்டுவது எல்லாம் சேர்த்து 10 நிமிடம் தாராளமில்லை. 7 வண்டிக்கு 70 நிமிடம். ஓடை இரண்டு இடம், படி இரண்டு, ஆக நான்கு இடம் என்றாலே 280 நிமிடம், அதாவது ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம் அங்கேயே போய்விடுகிறது. மீதிப் பாதையை இன்னும் தொடவே இல்லை. இதில் ஒரு வண்டி மாட்டிக்கொண்டு விஞ்ச் போட வேண்டி வந்தால் அரை மணி, ஒரு மணி நேரம் தனி.

2 மணிக்கு மறுமுனை நடக்காத காரியம். வண்டியை 5 ஆக்குங்கள். ஏழும் வந்தே தீர வேண்டும் என்றால் இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டிலும் ஒரு விஞ்ச் இருக்கும்படி, வேறு வேறு நாளில் போங்கள். அப்புறம், திரும்பும் நேரம் ஒன்றை இப்போதே எழுதி வையுங்கள். உதாரணமாக, 1 மணிக்குள் இரண்டாவது ஓடையைத் தாண்டவில்லை என்றால் வந்த வழியே திரும்புவது. அந்த இடத்துக்குப் போன பிறகு ஓட்டெடுப்பு நடத்தினால் எல்லோரும் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்பார்கள்.

கியர்_கிறுக்கன்:

கிராஸ்ஓவர் வேண்டாம். மனம் நோகாமல் சொல்வது உங்கள் பாடு. காரணத்தை நான் சொல்கிறேன்.

பாறையில் தேவைப்படுவது இழுவிசை மட்டுமில்லை, ஊர்ந்து போகும் திறனும் வேண்டும். முதல் கியர் விகிதம், லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர்) விகிதம், ஃபைனல் டிரைவ் (ஆக்சிலில் இருக்கும் கடைசிக் கியர்) விகிதம் மூன்றையும் பெருக்கினால் ஒரு எண் வரும். உங்கள் மேனுவல் ஜிம்னிக்கு 4.425 × 2.002 × 4.09, அதாவது சுமார் 36. ரூபிகான் மேனுவல் என்றால் லோ ரேஞ்சே 4 மடங்கு, மொத்தம் 84ஐத் தொடும். எண் பெரிதாகப் பெரிதாக, எஞ்சின் சீராகச் சுற்றும்போதே சக்கரம் நத்தை வேகத்தில் நகரும். கிராஸ்ஓவரில் லோ ரேஞ்சே கிடையாது. அதனால் ஒவ்வொரு கல்லையும் ஒரு உந்து உந்தித்தான் ஏற வேண்டும். உந்தி ஏறிய வண்டி அந்தப் பக்கம் தொப்பென்று விழும். அடித்தட்டு அடி வாங்குவது அங்கேதான்.

இன்னொன்று, அந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்சக்கரத்துக்குச் சக்தியை அனுப்புவது ஒரு கிளட்ச் அடுக்கு. மெதுவாக, பாரத்தோடு, தொடர்ந்து வழுக்கவிட்டால் அது சூடாகும். சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளப் பின்சக்கரத்தைத் துண்டித்துவிடும். ஏற்றத்தின் நடுவில் அது நடந்தால் வெறும் முன்சக்கர வண்டியோடு நிற்பீர்கள்.

மலைமுகடு:

அண்ணா, அவர் மணலிலும் பனியிலும் அந்த வண்டியை நன்றாகவே ஓட்டியிருக்கிறார். ‘மெதுவாகப் போனால் ஆகாதா’ என்று கேட்கிறார்.

கியர்_கிறுக்கன்:

மெதுவாகப் போக முடியாது என்பதுதானே சிக்கலே! மணலும் பனியும் வேறு கணக்கு, அங்கே ஓட்டத்தை விடாமல் வைத்திருந்தால் தப்பிக்கலாம். பாறையில் ஓட்டத்தை நம்பினால் ஆக்சில் போகும்.

வாதம் வேண்டாம் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். படியின் உயரத்தை அட்டையில் வரைந்து, அந்த அட்டையை அவர் வண்டியின் முன் பம்பருக்குக் கீழே வைத்துக் காட்டுங்கள். மூன்று கதவு ஜிம்னிக்கு முன்கோணம் (முன் பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு) 37 டிகிரி, பின்கோணம் (பின் பம்பருக்கு அதே கணக்கு) 49, தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். அவர் வண்டியின் கையேட்டில் அவர் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்ததும் பேச்சு குறையும்.

டயர்காரன்:

காற்று விஷயத்துக்கு வருகிறேன். தார் ரோட்டில் 30, 32 பிஎஸ்ஐ வைத்திருப்பீர்கள். ஜிம்னி மாதிரி எடை குறைந்த வண்டிக்கு 16 முதல் 18, பாரம் ஏற்றிய பிக்கப்புக்கு 20 முதல் 22 என்று ஆரம்பியுங்கள். குறைத்துவிட்டு, டயர் ஒரு கல்லின் மேல் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காற்று அதிகமாக இருந்தால் டயர் கல்லின் முனையில் ஒரு புள்ளியாக நின்று வழுக்கும். சரியாக இருந்தால் கல் டயருக்குள் அமுங்கி, ரப்பர் அதன் இருபுறமும் வழிந்து பிடிக்கும். சவாரியின் உலுக்கலும் பாதியாகக் குறையும்.

பீட்லாக் ரிம் (டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் ரிம்) இல்லாதவர்கள் 15க்குக் கீழே போகாதீர்கள். ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே கல்லின் மேல் ஏறினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். நல்ல கம்பிரசர் இரண்டு வண்டியிலாவது இருக்கட்டும். திரும்பி மண் ரோட்டுக்கு வந்ததும் காற்று ஏற்றாமல் வேகம் எடுக்காதீர்கள்.

பழைய_ஸ்பானர்:

16 எல்லாம் எனக்கு ஒப்புதல் இல்லை. கூர்மையான கல் என்றால் காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், கிழிவது அங்கேதான். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் திரியால் அடைக்க முடியாது. நான் 20க்குக் கீழே போக மாட்டேன்.

டயர்காரன்:

கூர்மையான கல் என்றால் நீங்கள் சொல்வது சரி. இவர் சொன்னது ஓடை உருட்டுக்கல். எந்தக் கல் என்று முன்கூட்டியே நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். எப்படியும் முழு அளவு ஸ்டெப்னி ஒவ்வொரு வண்டியிலும் இருந்தாக வேண்டும். இரண்டு ஜிம்னிக்கும் ஒரே அளவு டயர் என்றால் ஒன்றுக்கு மாட்டியதை மற்றதற்கும் மாட்டலாம், அது ஒரு வசதி.

அச்சாணி:

கைனடிக் கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி, நீங்கள் வாங்கியது நல்ல பொருள்தான், ஆனால் இந்தப் பாதைக்கு அது முதல் ஆயுதம் இல்லை. அந்தக் கயிறு 20, 30 சதவீதம் நீண்டு, பிறகு சுருங்கும் வேகத்தில் வண்டியைப் பிடுங்கி எடுக்கும். சேறு, மணலுக்கு அற்புதம். பாறையில் சக்கரம் ஒரு கல்லுக்கு முன்னால் முட்டிக்கொண்டு நிற்கும்போது அப்படி வெடுக்கென்று இழுத்தால், கல் நகராது. ஆக்சிலோ சஸ்பென்ஷன் கையோதான் நகரும்.

பாறைக்கு விஞ்ச். மெதுவாக, ஒரே சீரான இழுவை. விஞ்சுக்கும் முன்னால் கல் அடுக்குவது. தொங்கும் சக்கரத்துக்கு அடியில் நாலு கல் வைத்தாலே பாதி மாட்டல்கள் தீர்ந்துவிடும். (தாண்டியதும் கல்லை எடுத்துப் பழைய இடத்தில் போடுங்கள். அடுத்து வருபவர் அதை நம்பி ஏறி, அது சரிந்தால் வம்பு.)

விஞ்சின் திறன், வண்டியின் முழுப் பார எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். பிக்கப் பாரத்தோடு 3000 கிலோ என்றால் 4500 கிலோ, அதாவது ஏறக்குறைய 10,000 பவுண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, உருளையில் கடைசிச் சுற்றடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைப்பது. கயிறு நிறையச் சுற்றியிருந்தால் இழுவை குறையும். அதற்காக முழுவதையும் வெளியே இழுத்துவிடாதீர்கள். எஃகுக் கம்பி என்றால் 5 சுற்று, சிந்தெடிக் கயிறு என்றால் 10 சுற்று உருளையில் இருக்கட்டும். ஸ்னாட்ச் பிளாக் (கயிற்றை மடக்கிப் போடும் கப்பி) ஒன்று வைத்திருங்கள், இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும்.

கட்டாயம் சொல்ல வேண்டியது: டிரெய்லர் மாட்டும் பந்தில் மீட்புக் கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள். அது முறிந்து பறந்தால் குண்டுதான். ஆள் இறந்திருக்கிறார்கள். கிராஸ்ஓவர் பம்பரில் திருகி மாட்டும் கொக்கியும் லாரியில் ஏற்றுவதற்கானது, வெடுக்கென்ற இழுவைக்கு இல்லை. ஒவ்வொரு வண்டியின் மீட்புப் புள்ளியும் எது என்று கிளம்புவதற்கு முந்தைய நாளே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கயிறு இறுகியிருக்கும்போது அதைச் சுற்றி கயிற்றின் நீளத்துக்காவது ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைமுகடு:

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்த ஏற்றத்துப் படியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். பழைய ஜீப்காரருக்குத்தான் அதில் பயம். லாக்கர் (இரு சக்கரத்தையும் சேர்ந்து சுழல வைக்கும் பூட்டு) இல்லாத ஓப்பன் டிஃப் (இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல்).

நிதானம்:

ஓப்பன் டிஃப் என்றால், ஒரு சக்கரம் தூக்கினால் சக்தி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே ஓடிவிடும், மற்றது சும்மா நிற்கும். குறுக்கு மூலையில் இரண்டு சக்கரம் ஒரே நேரத்தில் தூக்காமல் பார்ப்பதுதான் வேலை. படியில் நேராக, இரண்டு முன்சக்கரமும் சேர்ந்தாற்போல் முட்டாமல், சற்றே சாய்வாகப் போய் ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றுங்கள். சாய்வு கொஞ்சம்தான், அதிகமானால் பக்கவாட்டில் சரியும். லோ ரேஞ்ச், முதல் கியர். முன்சக்கரம் படியைத் தொட்டு நின்றதும் ஒரு நொடி பொறுத்து, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினால் டயர் கல்லைக் கவ்வி ஏறும். அதிரடியாக மிதித்தால் சக்கரம் சுழலும், அந்த இடம் வழுவழுப்பாகிவிடும், அடுத்து வருபவருக்கும் சிரமம்.

பெரிய கல்லைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டுப் போக நினைக்காதீர்கள், அது டிஃபின் அடியில் போய் உட்காரும். டயரை அதன் மேலேயே ஏற்றுங்கள்.

நடு ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்கை விடாமல் ரிவர்ஸ் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, எஞ்சின் பிடிப்பிலேயே பின்னால் இறங்க வேண்டும். நடுவில் வண்டியைத் திருப்பப் பார்க்கக் கூடாது. உருள்வது அப்படித்தான்.

வழிகாட்டுபவர் ஒருவர்தான். நாலு பேர் நாலு பக்கம் கை காட்டினால் ஓட்டுபவர் யாரையும் பார்க்க மாட்டார். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு தள்ளி நிற்கட்டும். ‘நில்’ என்பதற்கு மட்டும் யார் கையை உயர்த்தினாலும் நிற்க வேண்டும்.

மலைமுகடு:

சரி, இப்போது இப்படி மாற்றியிருக்கிறோம். ஒரு பிக்கப்பும் ஆட்டோமேட்டிக் ஜிம்னியும் அடுத்த முறைக்கு. ரேங்லர், விஞ்ச் உள்ள பிக்கப், மேனுவல் ஜிம்னி, ஜீப், நாலு வண்டி. பிக்கப் முன்னால், ரேங்லர் கடைசியில். காலை 6 மணிக்குக் கிளம்புவது, 1 மணிக்குத் திரும்பும் விதி. முந்தைய வாரம் இரண்டு பேர் பாறைப் பகுதியை நடந்து பார்த்துவிட்டு வருவார்கள்.

கிராஸ்ஓவர் அண்ணன் கையேட்டைப் பார்த்தார். முன்கோணம் 18 டிகிரி என்று போட்டிருந்ததாம். கொஞ்சம் கோபம்தான், ஆனால் ‘வழிகாட்டும் வேலையை எனக்குக் கொடுங்கள், ரேங்லரில் உட்கார்ந்து வருகிறேன்’ என்று சொல்லிவிட்டார்.

அச்சாணி:

நல்ல முடிவு. சாமான் ஏற்றும்போது கனமானதை மேல் கேரியரில் போடாதீர்கள், வண்டிக்குள்ளேயே தாழ்வாகக் கட்டுங்கள். எரிபொருளை கிலோமீட்டருக்குக் கணக்குப் போடாமல் மணிக்கணக்கில் பாருங்கள், லோ ரேஞ்சில் வண்டி குடித்துக்கொண்டே இருக்கும். எல்லா வண்டியிலும் வாக்கிடாக்கி, எல்லாம் ஒரே சேனலில். பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்னால் இருப்பவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வரிசை விதி. பாதைக்கு வராத ஒருவரிடம் எப்போது திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

முந்தைய இரவு மழை பெய்தால்?

மலைமுகடு:

பெய்தால் ஒத்திவைப்பதாகத்தான் பேச்சு. ஓடையில் தண்ணீர் வரும், பாறையும் வழுக்கும்.

பழைய_ஸ்பானர்:

ஒன்று விட்டுப்போச்சு. ஒருவர் வண்டியை மற்றவர் விஞ்ச் போட்டு இழுக்கும்போது பம்பர் வளைந்தால் செலவு யாருடையது என்று கிளம்புவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். மாட்டிக்கொண்டவர் தன் வண்டிச் செலவைத் தானே பார்ப்பது, இழுத்தவரின் கயிறு அறுந்தால் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது என்று எங்கள் குழுவில் வைத்திருக்கிறோம். உங்களுக்கு எது ஒத்துவருமோ அது.

மலைமுகடு:

இன்று இரவே குழுவில் போட்டு எல்லோரிடமும் சம்மதம் வாங்கிவிடுகிறேன். நடந்து பார்த்துவிட்டு வந்ததும் படியின் அளவோடு இங்கே எழுதுகிறேன். டயர் காற்றுச் சண்டையை அப்போது தொடரலாம்.