1969 கமேரோ இசட்/28: என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரிஜினல்தானா?

நண்பர்களே, பல வருஷமாகத் தேடிய 1969 செவ்ரோலே கமேரோ இசட்/28 (கமேரோ காரின் வேகத்துக்கான வகை) ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அமெரிக்காவின் நார்வுட் ஆலையில் செய்த வண்டி. அந்த வருஷத்து சேஸிஸ் எண் வி8 என்ஜின் வண்டி என்பதோடு நின்றுவிடும், இசட்/28 என்று சொல்லாது. அதனால் என்ஜினும் கியர்பாக்ஸும் முக்கியமான சாட்சிகள்.

302 கன அங்குல என்ஜினின் முன்பக்கத் தட்டைப் பரப்பில் வி0212டிஇசட் என்று அடித்திருக்கிறது. அதாவது ஃபிளின்ட் ஆலை, பிப்ரவரி 12. டிஇசட் 302-க்கே உரிய குறியீடு. பாடி கட்டிய வாரத்தைக் காட்டும் தகட்டில் பிப்ரவரி மூன்றாம் வாரம், ஒத்துப்போகிறது. பக்கத்தில் 19என் என்று தொடங்கும் எண்ணும் சேஸிஸோடு பொருந்துகிறது. ஆனால் ஆலையில் அந்தப் பரப்பைச் சீவும்போது விழும் மெல்லிய இணைகோடுகள் ஓரங்களில் மட்டும் தெரிகின்றன. எழுத்துகளைச் சுற்றி வழவழவென்று இருக்கிறது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியதால் இப்படி ஆகுமா, இல்லை தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறார்களா? இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அப்புறம், மன்சி வகை நான்கு கியர் பெட்டியின் தேதிக் குறியீடு 1969 ஜனவரி, சரி. அதில் அடித்த சேஸிஸ் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் உலோக அரிப்பில் மறைந்திருக்கின்றன. உலோகத்தைத் தொடாமல் அதை எப்படிப் படிப்பது?

அதே மாதத்து நார்வுட் வண்டி வைத்திருப்பவர்கள், அந்தப் பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் நெருக்கமாகப் படமெடுத்துப் போடுவீர்களா? முன்பணம் கொடுப்பதற்குள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.